ஈரம் காய்வதற்குள்

"கேக்கலைங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. பெரம்பலூரில் பஸ் நின்று போகிற சாலையோரமாக அவர் வைத்திருந்த மெடிக்கலில் ஒன்பது வருடம் கவுன்டரில் நின்றவள் நான். மருந்து கேட்கவில்லை என்று ஒருவர் வந்து சொன்னதும் அவர் முகம் வாடுவதை அத்தனை வருடமும் பார்த்திருக்கிறேன். பந்தியில் உட்கார்ந்தவர் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்துபோனால் சமைத்தவருக்கு எப்படி இருக்கும்? அப்படி இருக்கும் அந்த முகம்.

ஒருமுறை செட்டிகுளம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். சின்ன வெங்காயம் ஆய்ந்து தரம் பிரிக்கிற வேலை. விரல் நுனியெல்லாம் வெடித்து, தோல் உரிந்து, புளி கரைத்தால் உயிர் போகிறது என்று முந்தின மாதம் ஒரு களிம்பு வாங்கிப் போயிருந்தார். இந்தத் தடவை தலைவலி மாத்திரைக்கு வந்தவர், போகிற போக்கில், "அது ஒன்னும் கேக்கலைங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சார் கடையை அப்படியே என்னிடம் விட்டுவிட்டு ஓடினார். நகரத் தொடங்கிய பஸ்ஸைத் தட்டி நிறுத்தி, ஜன்னல் வழியாக ஒரு வெள்ளை டப்பாவை அந்த அம்மாவின் கையில் திணித்துவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். காசு வாங்கவில்லை. கண்டக்டர் திட்டியதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். மனிதர் என்றால் இவரல்லவா மனிதர் என்று அன்றைக்கு நினைத்தேன். அப்படி நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

மருந்துக்கடைக்காரர்கள் பெரும்பாலும் சீட்டைப் பார்ப்பார்கள், ஆளைப் பார்க்க மாட்டார்கள். இவர் ஆளைத்தான் பார்ப்பார். அரிப்பு, படை, கரப்பான், தோல் வறண்டு வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போச்சு என்று யார் வந்தாலும், கவுன்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வருவார். அவர்கள் கையைப் பிடித்து வாசற்படிக்கு அழைத்துப் போய் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சொந்தக்காரர்களே தொட அருவருக்கிற கையை அவர் வெறும் கையால் தொடுவார். அதற்கே பாதிப் பேர் அழுதுவிடுவார்கள். பிறகு விசாரணை தொடங்கும்.

"புள்ளையக் குளிப்பாட்டுறது யாரு?"

"நாந்தாங்க."

"தண்ணி எப்படி?"

"நல்லா ஆவி பறக்கத்தாங்க ஊத்துறேன். அப்பத்தான அரிப்பு அடங்குது."

"அடங்காதும்மா. அந்த நேரத்துக்குச் சொகமா இருக்கும், அவ்ளோதான். தோல்ல இருக்கிற எண்ணெப்பசையும் அதோட போயிடும். வெதுவெதுன்னு ஊத்து. அஞ்சு நிமிஷத்துல தூக்கிடு. துண்டப் போட்டுத் தேய்க்காத, ஒத்தி எடு. ஈரம் காயறதுக்குள்ள கிரீமப் பூசிடு. மூணு நிமிஷந்தான் கணக்கு. அதுக்கு மேல போச்சுன்னா பாதிப் பிரயோசனம் போச்சு."

சொல்லிவிட்டுச் செய்தும் காட்டுவார். படிக்கட்டோரம் ஒரு பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் எப்போதும் இருக்கும். தன் முழங்கையில் தெளித்துக்கொள்வார், கைக்குட்டையால் ஒத்துவார், கிரீமைத் தடவுவார். மயிர் இருக்கிற வாக்கில் மேலிருந்து கீழே தடவ வேண்டும், சுற்றிச் சுற்றித் தேய்க்கக் கூடாது என்பார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அந்தக் கை நனையும். மாமியார் கத்திரிக்காய், கருவாடு, முட்டை எதையும் தொடவிடவில்லை என்று ஒருத்தி சொன்னால் சிரிப்பார். "கத்திரிக்கா என்னம்மா பாவம் பண்ணுச்சு? இவ்ளோண்டு புள்ளையப் பட்டினி போட்டுக் கரப்பான விரட்டுறீங்களா?" என்பார். வேப்பிலை அரைத்துப் பூசாதே, மஞ்சள் தேய்க்காதே, சோப்பைக் கக்கத்துக்கும் காலுக்கும் வைத்துக்கொள், நைலான் சட்டை போடாதே, நகத்தை வெட்டு, சொறிய வந்தால் தட்டிக் கொடு. எனக்கு இதெல்லாம் மனப்பாடம்.

அரியலூர் சிமெண்ட் லோடு ஏற்றுகிறவர்கள் உள்ளங்கை வெடித்து வருவார்கள். மக்காச்சோளம் உடைக்கிற சீசனில் கழுத்தெல்லாம் தடித்து வருவார்கள். லப்பைக்குடிக்காட்டுக்காரர்கள் சவுதியிலிருந்து வாட்ஸ்அப்பில் முழங்கால் போட்டோ அனுப்புவார்கள். டீ குடித்தபடி ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்து, "ஏசி ரூமுல படுத்தா தோலு காயத்தான் செய்யும் தம்பி, படுக்கப் போறதுக்கு முன்னாடி நல்லாப் பூசு" என்று குரல் பதிவு அனுப்புவார். ஊருக்கு வந்து திரும்புகிறவர்கள் பெட்டியில் பன்னிரண்டு, இருபது என்று வெள்ளை டப்பா கட்டிக்கொண்டு போவார்கள்.

அந்த டப்பாவை அவரே தயாரித்தார். செவ்வாய்க்கிழமை காலையில் உள்ளறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார். ஒரு மணி நேரம் கழித்து எவர்சில்வர் பேசினில் வெண்ணெய் மாதிரி ஒரு கிரீம் வெளியே வரும். டப்பாக்களில் நிரப்பி மூடி போடுவது என் வேலை. மேலே பேர் ஒட்டுவதில்லை. வந்த புதிதில் ஒருநாள் கேட்டேன்.

"என்ன சார் போடுறீங்க இதுல?"

"ஒன்னுமில்லம்மா. பாரஃபினும் கிளிசரினுந்தான். மருந்தே கிடையாது. தோலு தன்னால ஆறிக்கும், நாம வறண்டுபோகாம பாத்துக்கிட்டாப் போதும்."

எவ்வளவு நல்ல பேச்சு! பொய்யும் இல்லை, தோலைப் பற்றிய வரைக்கும். டப்பாவைப் பற்றியதுதான் பொய். அதற்குள் வீரியமான ஸ்டீராய்டு களிம்பைக் கலந்திருந்தார். அது எனக்குத் தெரியவருவதற்குள் என் மகளின் கன்னம் நாலு வருடம் அதைக் குடித்திருந்தது.

மகளுக்கு ஒன்றரை வயதில் கரப்பான் கண்டது. கன்னம், முழங்கை மடிப்பு, முழங்கால் பின்பக்கம். சொறிந்து சொறிந்து தலையணை உறையில் ரத்தம். அவள் அப்பா எங்களை விட்டுவிட்டுத் திருப்பூர் போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்ட சமயம் அது. குழந்தையைக் கடைக்கே தூக்கிக்கொண்டு வந்து கவுன்டருக்கு அடியில் துணி விரித்துப் படுக்க வைத்திருந்தேன். சார் குனிந்து பார்த்தார். "இதுக்கா அழுவுற? நாலு நாளு குடு எனக்கு" என்றார். நாலே நாள். கன்னம் தேய்த்து வைத்த வெள்ளி மாதிரி ஆகிவிட்டது. அவர் சொன்னதை ஒன்றுவிடாமல் செய்தேன். வெதுவெதுப்பான தண்ணீர், ஒத்தி எடுத்தல், மூன்று நிமிடம். ஒருநாள் தவறியதில்லை. என் கை செய்கிற வேலைதான் குழந்தையைக் காப்பாற்றுகிறது என்று எனக்கு எவ்வளவு பெருமை!

ஒரே ஒரு தடவை, உடையார்பாளையத்தில் என் அம்மா வீட்டுக்கு ஒரு விசேஷத்துக்குப் போனபோது, டப்பாவை மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் பிள்ளை முகம் தீப்பட்ட மாதிரி சிவந்து நீர் கசிந்தது. பதறியடித்து வந்து காட்டினேன். "பாத்தியா, விட்டா வந்துடுது. விடாமப் போடணும்மா" என்று இரண்டு டப்பாவாக எடுத்துக் கொடுத்தார். காசு கொடுத்தால் கோபம் வரும் அவருக்கு. "எம் பேத்தி மாதிரி" என்பார்.

மகளுக்கு ஐந்தரை வயதில், பள்ளிக்கூடத்தில் கண் பார்க்க வந்த ஒருவர் கண்ணை விட்டுவிட்டுக் கன்னத்தைப் பார்த்திருக்கிறார். தோல் டாக்டரிடம் காட்டச் சொல்லி எழுதி அனுப்பினார். திருச்சியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு ரத்தக்குழாய். தாடையோரம் பூனைமயிர். முழங்கை மடிப்பில், பிள்ளை பெற்றவள் வயிற்றில் விழுவதுபோல் வரி வரியாகக் கோடு.

"என்ன போடுறீங்க?"

"வெறும் ஈரப்பசை கிரீம்தாங்க மேடம். மருந்தே கிடையாது."

"எத்தன வருஷமா?"

"நாலு வருஷமாங்க."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். திட்டவில்லை. ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை, நானே எழுதுகிறேன், இன்ன இடத்துக்கு, இத்தனை நாளைக்கு என்று அளவு உண்டு என்று பொறுமையாகச் சொன்னார். நிறுத்தினால் முதலில் இன்னும் மோசமாகும், பயந்து மறுபடி அந்த டப்பாவைத் தொட்டுவிடாதீர்கள் என்றார். கன்னம் தேறிவிடும். முழங்கைக் கோடு போகாது என்றார்.

"போகவே போகாதுங்களா?"

"போகாதும்மா."

அடுத்த செவ்வாய்க்கிழமை உள்ளறைக் கதவைத் தட்டினேன். திறந்தார். பேசினில் பாதிக் கலவை. பக்கத்தில் பிதுக்கித் தட்டையாக்கிய டியூப்கள் குவிந்து கிடந்தன. ஒன்பது வருடமாக அதே டியூபை அலமாரியில் அடுக்குகிறவள் நான். படிக்கவே தேவையில்லை, நிறமே போதும். செவ்வாய்க்கிழமைக் குப்பைப் பையை மட்டும் அவரே வீட்டுக்கு எடுத்துப் போவது ஏன் என்றும் விளங்கியது.

"என்ன சார் இது?"

அவர் மழுப்பவில்லை. கரண்டியைக் கீழே வைத்தார்.

"யாரு சொன்னா?"

"திருச்சி டாக்டரம்மா."

"ஸ்டீராய்டுன்னா விஷம்னாங்களா? அவங்க எழுதறதில்லியா?"

"ஏழு நாளைக்கு எழுதுவாங்க சார். நாலு வருஷத்துக்கு எழுத மாட்டாங்க. எழுதுனா இன்னதுன்னு சொல்லி எழுதுவாங்க."

"நீயே பாக்கிறியேம்மா. நான் படிச்சுப் படிச்சுச் சொல்றத ஒருத்தராவது செய்யிறாங்களா? ரெண்டு நாளு பூசுறது, மூணாம் நாளு கேக்கலைங்கறது. கேக்கலைன்னா அடுத்தது எங்க போவாங்க? கண்ட ஊசி போடுறவன்கிட்டப் போவாங்க. பச்சிலை வெச்சுக் கட்டிப் புண்ணாக்கிக்குவாங்க. அதுக்கு இது தேவலையா இல்லியா?"

"நான் செஞ்சேனே சார்! மூணு நிமிஷம் ஒருநாள் தப்புனதில்லையே. எனக்காவது வெறும் கிரீமக் குடுத்திருக்கலாம்ல?"

பேசினைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீயும் கேக்கலைன்னு வந்து நின்னுட்டா? மத்தவங்க வந்துட்டுப் போயிடுவாங்க. உம் மூஞ்சிய நான் தினமும்ல பாக்கணும்."

அவ்வளவுதான். அதற்காகத்தான். பணத்தாசை என்றால் காறித் துப்பிவிட்டு வந்திருப்பேன். டப்பாவில் அவருக்கு லாபமே கிடையாது, எனக்குத் தெரியும். நன்றியோடு ஒரு முகம் தன் எதிரே நிற்க வேண்டும் என்பதுதான் ஆசை. அந்த ஆசைக்கு என் குழந்தையின் தோலைக் கொடுத்திருக்கிறார். அதைவிட எரிச்சல் ஒன்று உண்டு. அவர் சொன்ன அத்தனையும் சரி. வெந்நீர் கூடாது என்றது சரி, ஒத்தி எடு என்றது சரி, மூன்று நிமிடமும் சரி. ஊருக்கெல்லாம் சொன்ன அந்த வைத்தியத்தை அவர் ஒருவர்தான் நம்பவில்லை. எங்களையும் நம்பவில்லை. காத்திருக்கத் தெரியாத ஜனங்கள் என்று முடிவு கட்டிவிட்டார்.

புகார் கொடுத்தாயா என்று கேட்பீர்கள். இல்லை. மறுநாளும் வேலைக்குப் போனேன். வேறு வேலை கிடைக்க இரண்டரை மாதம் ஆனது. அதுவரை டப்பாவில் நிரப்பினேன், மூடி போட்டேன், கை நீட்டியவர்களுக்கு எடுத்துக் கொடுத்தேன். அவர் என்னிடம் எப்போதும்போல் பிரியமாகத்தான் இருந்தார். அதுதான் சகிக்கவில்லை.

மகளுக்கு டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சாதாரண கிரீமை வைத்து, சார் சொல்லிக் கொடுத்த முறையிலேயே செய்தேன். முதல் மாதம் நரகம். முகம் வீங்கி, உரிந்து, பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கண்ணாடியைத் திருப்பி வைத்தோம். அவள் குளிக்கும்போதெல்லாம் அவர் குரல் என் காதில் கேட்கும், ஒத்தி எடு, ஒத்தி எடு என்று. சபித்துக்கொண்டே ஒத்தி எடுத்தேன். ஆறேழு மாதத்தில் கன்னம் தேறிவிட்டது. மருந்தே இல்லாமல், மெதுவாக, அவர் சொன்னபடியே. இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். முழுக்கை தவிர எதுவும் போடுவதில்லை.

அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. சுவரெல்லாம் போஸ்டர். போனேன். தெரு கொள்ளாத கூட்டம். சிமெண்ட் லோடுக்காரர்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். "கைராசிக்காரருங்க. வெறுங்கையால தொட்டுப் பாப்பாரு" என்று ஒரு பெரியவர் தேம்பினார். எனக்குக் கண்ணீர் வரவில்லை. மாலை வாங்கிப் போயிருந்தேன், அதைப் போட்டுவிட்டு வந்தேன்.

இதோடு முடித்தால் நல்லவள் மாதிரி ஆகிவிடுவேன். அவர் உயிரோடு இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அந்தக் கடையை விட்டு அரியலூரில் வேறு மெடிக்கலில் சேர்ந்த மறு வருடம். காலை பஸ்ஸில் பெரம்பலூரிலிருந்து போய்க்கொண்டிருந்தேன். பேரளி தாண்டியிருக்கும். முன் சீட்டிலிருந்த பெண் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"அக்கா, என்னத் தெரியலியா? லப்பைக்குடிக்காடு. எங்க வூட்டுக்காரரு சவுதில இருக்காரு. நீங்கதான அந்த மெடிக்கல்ல டப்பா குடுப்பீங்க?"

மடியில் மூன்று வயதுப் பெண் குழந்தை. அதன் முகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"இப்ப பாருங்கக்கா, அல்ஹம்துலில்லாஹ். கரப்பான் வந்த புள்ளன்னு யாராவது சொல்லுவாங்களா?"

ஜன்னல் வெயில் குழந்தையின் கன்னத்தில் நேராக விழுந்தது. பளபளவென்று இருந்தது. நூல் நூலாகச் சிவப்பு. தாடையோரம் மயிர்.

"இன்னும் போடுறீங்களா?"

"விடுறதே இல்லக்கா. ஒருக்கா ரெண்டு நாளு விட்டேன், குப்புனு ஏறிடுச்சு."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அதில் என்ன கலந்திருக்கிறது என்று, நிறுத்தினால் சிவக்கும், பயப்படாமல் தோல் டாக்டரிடம் காட்டுங்கள், இன்றைக்கே போங்கள் என்று. அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"நீங்கதானக்கா குடுத்தீங்க. எங்க மாமியா வேணாம்னுதான் சொன்னாங்க, பேரு இல்லாத மருந்துன்னு. நான் யோசிச்சுக்கிட்டு நின்னேன். நீங்கதான், எம் பொண்ணுக்கே இதத்தான் போடுறேன், பயப்படாமப் போடுங்கன்னீங்க."

"எப்ப?"

"போன வருஷம் பக்ரீத்துக்கு முந்தின வாரம். மொத டப்பா. புள்ள அழுதுக்கிட்டே இருந்துச்சு."

நினைவு வந்தது. குழந்தையின் கன்னம் புண்ணாகியிருந்தது. இவள் கவுன்டரில் இரண்டு கையையும் ஊன்றி, நான் ஏதாவது நல்லதாகச் சொல்ல மாட்டேனா என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்ரீத்துக்கு இரண்டு மாதம் முன்பே நான் திருச்சிக்குப் போய் வந்துவிட்டேன்.

"அப்ப உங்க பொண்ணுக்கு நீங்க இதப் போடலியாக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன். "அதுக்கு முன்னாடியே நிறுத்திட்டேன்."

அவள் என்னைத் திட்டவில்லை. குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடி மார்போடு அணைத்துக்கொண்டு முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அரியலூர் வரும் வரைக்கும் திரும்பிப் பார்க்கவே இல்லை.